ஒற்றைக் காதுக்கு ஒரு ஹெட்போன்

பியோ மல்சுனின் இடது காது செத்துப்போனது அவளுடைய முப்பத்தெட்டாவது வயதில், சமையலறைத் தொட்டிக்கு முன்னால். வெந்த நூடுல்ஸை வடித்துக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை முனகியிருக்கிறாள். புருஷன் மா தல்சூவுக்கு அன்றைக்கு அது பிடிக்கவில்லை. பின்னால் வந்து, உள்ளங்கையைக் குழித்துக் காதோடு சேர்த்து ஒன்று விட்டான். விரித்த கையால் அடித்தால் கன்னம் வீங்கும், அவ்வளவுதான். குழித்த கை காற்றை உள்ளே அடைத்துச் செவிப்பறையைக் கிழித்துவிடும். இந்த வித்தியாசம் தல்சூவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் குழித்தான்.

மல்சுன் என்ற பெயருக்கு இதோடு போதும் என்றுதான் பொருள். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில் அப்பன் வைத்தது, நம் பக்கத்துப் போதும்பொண்ணு மாதிரி. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் பட்ட கேலியிலேயே அவளுக்கு நாக்கு கூராகிவிட்டது. நாக்கு கூராக இருந்து என்ன செய்ய? பதினாலு வருஷக் குடித்தனத்தில் இரண்டு விலா எலும்பு, ஒரு முன்பல், இடது கைச் சுண்டுவிரல், கடைசியில் காது என்று வரிசையாகப் பறிகொடுத்தாள். காது போன பிறகுதான் கோர்ட்டுக்குப் போய்க் கல்யாணத்தைத் தீர்த்துக்கொண்டாள். தீர்த்துக்கொண்டால் அடி நின்றுவிடும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். கயிறு அறுந்த நாய் கடிக்காது என்று நினைக்கிற கூட்டம் அது. அவள் வீடு மாறினாள், தல்சூ கண்டுபிடித்து வந்து அடித்தான். மறுபடி மாறினாள், மறுபடி வந்தான். மூன்றாவது மாற்றத்தில்தான் பிழைக்க வந்து நானும் குடியிருக்கிற எங்கள் தெருவுக்கு வந்தாள், இஞ்சியோன் துறைமுக நகரத்தில் புப்யோங் சந்தைக்குப் பின்னால், ஏழு படி கீழே இறங்கிப் போகிற ஒற்றை அறைக்கு. அந்த அறையின் ஜன்னலில் தெருவில் போகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும்.

அவள் பிழைப்பு பாட்டு. பாடகி என்று சொன்னால் அவளே சிரிப்பாள். சந்தையிலும் பஸ்ஸிலும் ஒலிக்கிற த்ரோத் என்கிற உருக்கமான பாட்டுகள் இருக்கிறதே, அவற்றைப் பேர்பெற்ற பாடகர்கள் பாடுவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் முதலில் பாடிக் காட்ட வேண்டும். எங்கே இழுக்கணும், எங்கே நெஞ்சு கரகரக்கணும் என்பதையெல்லாம் அந்தப் பெரிய பாடகர்கள் அதைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்வார்கள். பிறகு அந்த முதல் பாட்டை அழித்துவிடுவார்கள். மல்சுன் பாடி அழிந்த பாட்டு முந்நூறுக்கு மேல் இருக்கும். ஸ்டுடியோவுக்கெல்லாம் போவதில்லை. துணி அலமாரிக்குள் கம்பளியைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நிறுத்தி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே பாடி அனுப்பிவிடுவாள். வேலை கொடுப்பது ஹாம் உன்சோப் என்ற இசையமைப்பாளர். நாற்பது வயசு, நல்லவன்தான், ஆனால் எதற்கெடுத்தாலும் பயம். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

போன வருஷம், சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம் ஒன்பதாம் பிறையன்று, அம்மாவின் திதிக்கு நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மூத்தவள் கப்சுன் தேவாலயத்தில் சேர்ந்த பிறகு படத்துக்குக் குனிய மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணன் தம்பி கிடையாது. ஆகவே படையல் மல்சுன் தலையில். சோறு, சூப்பு, வறுத்த மீன், பேரிக்காய், பயற்றம் அடை, அம்மாவுக்குப் பிடித்த அரிசி மது எல்லாம் வைத்து ஊதுபத்தி கொளுத்தினாள். வாசல் கதவை ஒரு சாண் திறந்து வைத்தாள். செத்தவர்கள் வந்து சாப்பிட வேண்டுமே. அவர்கள் சாப்பிடும்போது உயிரோடு இருப்பவர்கள் பார்க்கக் கூடாது, ஒன்பது கவளம் சாப்பிடுகிற நேரத்துக்கு அறையைவிட்டு விலகி இருக்க வேண்டும். ஒற்றை அறையில் எங்கே விலகுவது? மல்சுன் அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சும்மா நிற்பானேன், அம்மா சாப்பிடட்டும், அதற்குள் அனுப்ப வேண்டிய பாட்டை ஒரு தடவை பாடிவிடலாம் என்று ஹெட்போனை மாட்டினாள். காதை முழுசாக மூடிக்கொள்கிற வகை அது. அதை மாட்டிக்கொண்டால் இடி விழுந்தாலும் தெரியாது.

எந்த நாளில், எந்த நேரத்தில் அந்தக் கதவு திறந்திருக்கும் என்று தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். பதினாலு வருஷம் அந்தப் படையலை உட்கார்ந்து தின்றவன். தல்சூ உள்ளே வந்தான். பிறகு போலீஸில் அவனே சொன்னது இது: செருப்பைக் கழற்றிவிட்டு, மாமியார் படத்துக்கு முறைப்படி இரண்டு தடவை விழுந்து கும்பிட்டானாம். மீனில் பாதியைத் தின்றானாம். செத்தவளுக்கு ஊற்றிவைத்த மதுவைக் குடித்தானாம். அதுவரை மூன்றடி தூரத்தில் அலமாரிக்குள் மல்சுன் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அலமாரியைத் திறந்தான். துணி மாட்டுகிற இரும்புக் குழாயைச் சட்டைகளோடு உருவி எடுத்து, அதனாலேயே அடித்தான். கழுத்தெலும்பு முறிந்தது, தலையில் பதினோரு தையல். முதல் அடி விழும்வரை அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை. இரண்டாவது அடியில் ஹெட்போன் உடைந்த பிறகுதான் அவன் மூச்சு கேட்டது. மாமியாருக்கு மரியாதை செய்யத்தான் போனேன் என்று அவன் சொன்னதைக் கோர்ட்டில் எழுதிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் உள்ளே வைத்தார்கள், வெளியே விட்டார்கள், நூறு மீட்டருக்குள் வரக் கூடாது என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். காகிதமா அவனைப் பிடித்து நிறுத்தும்?

அன்றிலிருந்து மல்சுன் காதை மூடுகிற ஹெட்போனைத் தொடவில்லை. பாட்டு கேட்கிறவர்கள் மாட்டுகிற, முதுகெல்லாம் ஓட்டையாக இருக்கிற திறந்த வகை ஒன்றை வாங்கிக்கொண்டாள். அதில் பாட்டும் கேட்கும், வெளியே நாய் குரைப்பதும் கேட்கும். தினப்படிக்கு அது சுகமானதுதான், காதும் வேர்க்காது. ஆனால் உள்ளே வெளிச் சத்தம் வருகிற ஓட்டை வழியாக உள் சத்தமும் வெளியே போகுமல்லவா? காதில் ஓடுகிற தாள டிக் டிக்கை எல்லாம் மைக் பிடித்து அவள் குரலோடு சேர்த்துப் பதிந்துவிட்டது. ஹாம் ஒவ்வொரு பாட்டையும் திருப்பி அனுப்பினான். பாட்டுக்குப் பின்னால் பூச்சி கத்துகிறது அக்கா என்று புலம்பினான். மற்றவர்கள் என்றால் மூடின வகையை மாட்டி, ஒரு பக்கத்தை மட்டும் காதைவிட்டுத் தள்ளிக்கொண்டு பாடுவார்கள். ஒரு காதில் பாட்டு, மறு காதில் வெளி. மல்சுனுக்கு எந்தக் காதைத் தள்ளுவது? இருக்கிற ஒன்றை மூடினால் வாசல் போச்சு, திறந்தால் பாட்டு போச்சு. வேலை பாதியாகக் குறைந்தது.

இந்த வருஷம் பனி உருகின சமயத்தில் ஹாம் ஒரு செய்தி கொண்டுவந்தான். ஒரு பெரிய பாடகிக்காக எழுதின பாட்டு, அவள் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டு விலகிவிட்டாள். மல்சுன் பாடிக் காட்டின மாதிரியைக் கேட்ட கம்பெனிக்காரர்கள் இந்தக் குரலையே போடலாமே என்று சொல்லிவிட்டார்கள். அழிக்கப்படாத முதல் பாட்டு. அட்டையில் பியோ மல்சுன் என்று பெயர். ஒரே நிபந்தனை, பின்னால் பூச்சி கத்தக் கூடாது. ஸ்டுடியோவுக்கு வந்து பாடச் சொல்லி ஹாம் கெஞ்சினான். அவள் ஒரு தடவை போயும் பார்த்தாள். சத்தமே நுழையாத கண்ணாடி அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டதும் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்துவிட்டு வந்துவிட்டாள். வீட்டில்தான் பாடியாக வேண்டும். ஐம்பத்து மூன்று வயசில் முதல் தடவையாகப் பெயர் வரப்போகிறது, அதற்குக் காதை மூடியாக வேண்டும். மூடினால் அவன் வருவது தெரியாது.

யோங்சானில் மின்சாமான் கடைகள் இருக்கிற பழைய கட்டடத்தில், மூன்றாவது மாடிக் கோடியில், நாம்குங் என்பவருடைய ஹெட்போன் கடை. அறுபது வயசு, சிடுமூஞ்சி, ஆனால் விஷயம் தெரிந்த ஆள் என்று ஹாம்தான் அனுப்பினான். முதலில் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். தினமும் கேட்பதற்கு என்று விற்பதெல்லாம் கீழே கனத்த சத்தத்தைக் கூட்டி, மேலே கொஞ்சம் சர்க்கரை தூவிப் பொய் சொல்லுமாம். கேட்க நன்றாக இருக்கும், அதை நம்பிப் பாடினால் சுருதி போய்விடுமாம். பாடுவதற்கு உண்மை சொல்கிறதுதான் வேண்டுமாம். உண்மை சொல்கிற மூடின வகை ஒன்றை எடுத்து அவள் தலையில் மாட்டிப் பாட்டைப் போட்டுவிட்டார். நன்றாக இருக்கிறதா என்று கேட்க நினைத்தவர், முன்னால் வந்து கேட்டிருக்கலாம். பின்பக்கமாகப் போய்த் தோளைத் தொட்டார்.

மல்சுன் திரும்பின வேகத்தில் முழங்கை அவர் மூக்கில் இறங்கியது. அதோடு நிற்கவில்லை. கையில் அகப்பட்ட ஹெட்போன் தாங்கியை எடுத்து இன்னொன்றும் போட்டாள். ஆளைப் பார்த்த பிறகுதான் கை நின்றது. நாம்குங் கண்ணாடி அலமாரிமேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், சட்டையெல்லாம் ரத்தம்.

"ஏம்மா, ஹெட்போன் வாங்க வந்தீங்களா, ஆளைக் கொல்ல வந்தீங்களா?"

"பின்னால வந்து தொடாதீங்க முதலாளி. யாரும் என்னைப் பின்னால வந்து தொடக் கூடாது."

மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை அவள். காகிதத் துண்டைச் சுருட்டி அவர் மூக்கில் அடைத்துவிட்டாள், அப்படியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நூடுல்ஸ், காது, திதி, அலமாரி. சொல்லி முடித்தபோது பக்கத்துக் கடைக்காரர்கள் கூட்டம் கூடி நின்றார்கள்.

"எனக்கு ரெண்டு சத்தம் கேக்கணும். பாட்டும் கேக்கணும், வாசலும் கேக்கணும். காது ஒண்ணுதான் இருக்கு. அப்படி ஒரு ஹெட்போன் உங்ககிட்ட இருக்கா, இல்லையா?"

அப்படி ஒன்றை எவனும் செய்யவில்லை என்றார் நாம்குங். மூக்கிலிருந்த காகிதத்தைச் சரியாக அழுத்திக்கொண்டார். பிறகு எழுந்துபோய்ப் பழைய சின்ன மைக் ஒன்றை எடுத்தார், நீளமான வயரால் அதைக் கணினியோடு கோர்த்தார். அவளுக்கு முன்னால் வந்து நின்று, காட்டிவிட்டு, மூடின ஹெட்போனை அவள் கையிலேயே கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார். மைக்கைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக் கோடிக்கு, மாடிப்படிப் பக்கம் போய் மறைந்தார். மல்சுன் காதுக்குள் நடைபாதை முழுக்க வந்துவிட்டது. யாரோ கரண்டியால் கிண்ணத்தைச் சுரண்டுகிறார்கள். இரண்டு மாடி கீழே ஒருத்தி செருப்பை இழுத்துக்கொண்டு ஏறுகிறாள். வெறும் காதில் ஒருநாளும் கேட்டிராத அளவுக்கு எல்லாம் கிட்டத்தில். அப்புறம் ஒரு மூக்குறிஞ்சல், காதோரத்தில் நிற்கிற மாதிரி.

"அம்மா, ரத்தம் இன்னும் நிக்கல. வைத்தியச் செலவு உங்க தலையில."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நாம்குங் திரும்பி வந்து விளக்கினார். பாடுகிற மைக் தனி, அது பதிவாகும். வாசலில் வைக்கிற இந்த மைக் அவள் காதுக்கு மட்டும் வரும், பதிவாகாது. காதை எவ்வளவு இறுக்கி மூடுகிறாளோ அவ்வளவுக்கு வாசல் துல்லியமாகக் கேட்கும். உண்மை சொல்கிற அந்த மூடின வகையையும் பழைய மைக்கையும் வாங்கிக்கொண்டு வந்தாள். உடைந்த தாங்கிக்கு அவர் காசு வாங்கவில்லை.

மைக்கைச் செருப்பு அலமாரிமேல் வைத்து, வயரைச் சுவரோரமாக இழுத்துத் துணி அலமாரிவரை கொண்டுவந்தாள். ஒரு வாரம் பாடினாள். பூச்சி கத்துவது நின்றுவிட்டது. ஆனாலும் ஹாம் தலையை ஆட்டினான். குரல் பயந்திருக்கிறது அக்கா, பாடும்போதே எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது என்றான். நாளையோடு கெடு முடிகிறது, நாளைக் காலையில் கொடுக்காவிட்டால் வேறு ஆள் பாடிவிடும் என்றும் சொன்னான். அவன் அதைச் சொன்ன நாள் மூன்றாம் மாதம் ஒன்பதாம் பிறை.

கப்சுன் மத்தியானமே போன் செய்துவிட்டாள். தங்கைமேல் உயிர்தான் அவளுக்கு, ஆனால் பேச ஆரம்பித்தால் உபதேசம்.

"இந்த வருஷமாவது கதவைச் சாத்திட்டு வைடி. ஆவிக்குக் கதவு எதுக்கு?"

"அம்மா உசிரோட இருந்தப்ப சுவத்துக்குள்ள பூந்தா வந்தாங்க? வாசல் வழியாத்தானே வந்தாங்க. அவன் ஒருத்தனுக்காக எங்க அம்மாவைத் தெருவுல நிக்க வைக்கச் சொல்றியா?"

அவன் வருவான்டி என்றாள் கப்சுன். தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டாள் மல்சுன்.

ஆறு மணிக்குப் படையல் வைத்தாள். சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தினாள், மதுவை ஊற்றினாள், விழுந்து கும்பிட்டாள். வாசல் கதவை ஒரு சாண் திறந்தாள். கதவுக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற இடத்தில், உபயோகமில்லாத பழைய மைக் ஸ்டாண்டைத் தலைகீழாகச் சாத்தி வைத்தாள். அதன் அடியில் இருந்த இரும்புத் தட்டு நாலு கிலோ இருக்கும், இப்போது அது மேலே இருந்தது. அப்புறம் அலமாரிக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

"மூணாம் படகும் போயிருச்சு, உப்புக் காத்து திரும்பிருச்சு" என்று தொடங்குகிற பாட்டு. அதன் அடியில் காதுக்குள் எங்கள் தெரு ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் ஒன்று போயிற்று. பூனை ஒன்று குப்பையைக் கிளறியது. கோழிக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். முதல் சரணம் முடிந்து, வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற இடைவெளியில் கால் சத்தம் வந்தது. வலது காலை இழுத்து வைக்கிற நடை. துறைமுகத்தில் வேலை செய்தபோது காலில் பெட்டி விழுந்ததிலிருந்து தல்சூவுக்கு அப்படி. படிக்கு மேலே நின்று காறித் துப்பினான். மூக்கால் மூச்சு விட்டான். அந்த மூச்சு அவள் காதுக்குள்ளேயே இருந்தது.

ஒன்று. இரண்டு. அவன் இறங்க ஆரம்பித்தான். மல்சுனுக்கு நேரம் இருந்தது. ஓடிப்போய்க் கதவைச் சாத்திப் பூட்டுவதற்கு வேண்டிய நேரம் தாராளமாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றி மைக்குமேல் தொங்கவிட்டாள், பதிவை நிறுத்தவில்லை. வெறுங்காலோடு நடந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றாள், இரும்பைக் கையில் எடுத்தாள்.

தல்சூ உள்ளே வந்தான். கொலை செய்ய வருகிறவனாக இருந்தாலும் இந்த ஊரில் வீட்டுக்குள் செருப்போடு நுழைய மாட்டான். குனிந்து ஷூவின் குதிகாலைப் பிடித்தான். மல்சுன் இரண்டு கையாலும் ஓங்கி அவன் தோள்பட்டையில் இறக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் அவளுடைய ஒற்றைக் காதுக்கே கேட்டது. அவன் முகம் தரையில் மோதியது. திரும்பிப் பார்த்து அவள் காலைப் பிடித்து இழுத்தான், அவளும் விழுந்தாள், விழுந்த வேகத்தில் அவள் மணிக்கட்டு பிசகியது. கழுத்தைப் பிடித்துவிட்டான். படையல் மேஜை சாய்ந்து சூப்பும் சோறும் இரண்டு பேர்மேலும் கொட்டின. மல்சுன் அவன் கட்டைவிரலைக் கடித்தாள், பிடி விட்டதும் எழுந்து, அந்த இழுக்கிற முட்டியிலேயே போட்டாள். இன்னொன்று. இன்னொன்று. அவன் ஊளையிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துத் தவழ்ந்தான்.

"நான்டி, மல்சுனா. நான்தான்டி."

"தெரியும். நீ மேல நின்னு துப்பினப்பவே தெரியும்."

அவள் மறுபடியும் ஓங்கினபோது சத்தம் கேட்டு ஓடிவந்த கோழிக்கடைக்காரரும் நானும் பிடித்துக்கொண்டோம். பிடிக்காமல் இருந்திருக்கலாமோ என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

போலீஸ் நிலையத்தில் நடந்தது அடுத்த அடி. அலமாரிக்குள் ஓடிக்கொண்டிருந்த பதிவை எடுத்துப் போட்டுக் கேட்டார்கள். முதல் சரணம், அப்புறம் ஹெட்போனைக் கழற்றித் தொங்கவிடுகிற கட கட சத்தம். ஹெட்போன் பாடுகிற மைக்கின் மேலேயே தொங்கினதால் வாசல் சத்தமெல்லாம் அதன் வழியாகப் பதிவில் விழுந்திருந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்று படிகூட எண்ணலாம். இதைக் கேட்டுவிட்டாவது அவள் பக்கம் பேசுவார்கள் என்று நினைத்தால், அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவன் வருவது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, ஆயுதமும் தயாராக இருந்திருக்கிறது, ஆகவே இருதரப்பு அடிதடி என்று எழுதப் பேனாவை எடுத்தார்.

"அரை நிமிஷம் இருந்துச்சேம்மா. கதவைச் சாத்தியிருக்கலாமே?"

"எங்க அம்மா அப்பத்தான் சாப்பிட உக்காந்திருந்தாங்க. அவங்களை உள்ள வெச்சுச் சாத்தணுமா, வெளிய வெச்சுச் சாத்தணுமா, நீங்களே சொல்லுங்க."

அதிகாரிக்கும் அம்மா இருந்திருப்பாள், அவளுக்கும் திதி வரும். ஆனாலும் அவர் இருதரப்பு என்றுதான் எழுதினார். பிறகு கோர்ட்டில் தல்சூவுக்குப் பதினைந்து மாதம் ஜெயில் ஆயிற்று. மல்சுனுக்கு ஆறு மாதம், அதை நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவுதான் கருணை. இத்தனை எலும்பு உடைத்தவனையும், உடைந்த எலும்போடு ஒருநாள் எழுந்து நின்றவளையும் ஒரே காகிதத்தில் எழுதுகிற கையை என்னவென்று சொல்வது?

அந்த ராத்திரி விடிந்ததும் நிலையத்திலிருந்து அவளை விட்டார்கள். மல்சுன் நேரே வீட்டுக்கு வந்தாள். தரையில் காய்ந்து கிடந்த சோற்றைத் தாண்டி, மணிக்கட்டில் கட்டோடு அலமாரிக்குள் போய், விட்ட இடத்திலிருந்து இரண்டாவது சரணத்தைப் பாடி ஹாமுக்கு அனுப்பினாள். கழுத்து வீங்கிக் குரல் கட்டியிருந்தது. ஹாம் கேட்டுவிட்டுப் போனில் அழுதான். ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன் என்றான்.

பாட்டு இலையுதிர் காலத்தில் வந்தது. சந்தையில் சாக்ஸ் விற்கிறவன் வண்டியில் ஓடிற்று, டாக்ஸிகளில் ஓடிற்று, கப்சுனுடைய தேவாலயத்துப் பெண்கள்கூடச் சுற்றுலா பஸ்ஸில் கைதட்டிப் பாடினார்கள். கேட்டியா, கேட்டியா என்று அக்காள் தினமும் போன் செய்வாள். மல்சுன் கேட்கவில்லை. நம்புவதற்குக் கஷ்டம்தான், ஆனால் நானே பார்த்தேன். அந்த மூடின ஹெட்போனைக் காலையில் மாட்டினால் தூங்கப் போகிறவரை கழற்றுவதில்லை. சமைக்கும்போதும் அதுதான், துணி மடிக்கும்போதும் அதுதான். அதில் பாட்டு எதுவும் ஓடாது. வாசல் மைக் மட்டும் ஓடும். அவன் உள்ளேதானே இருக்கிறான் என்றால், உள்ளே இருப்பவன் ஒருநாள் வெளியே வருவான் என்பாள். அவள் பட்ட அடியைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பாட்டை ஊரே கேட்டது, அவளுடைய ஒரு காது மட்டும் காவலுக்கு நின்றுகொண்டிருந்தது.

போன வாரம் பகலில், முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவள் காதில் கால் சத்தம் விழுந்தது. தெரியாத நடை, கனமான நடை. படியில் இறங்குகிறது. மூன்று, நாலு. கத்தியைப் போட்டுவிட்டு இரும்பை எடுத்தாள். கதவுக்குப் பின்னால் நின்று ஓங்கினபோதுதான் அந்த நடைக்கு மேலே இன்னொன்று கேட்டது. வந்த ஆள் முனகிக்கொண்டே வருகிறது. மூணாம் படகும் போயிருச்சு. பெண் குரல். இரண்டாவது அடியில் இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காமல், மூச்சு வாங்கி, தப்பாகப் பாடுகிறது.

மல்சுன் கதவைத் திறந்தாள். பார்சல் கொண்டுவந்த பெண் ஒருத்தி, கையில் ஆப்பிள் பெட்டி. ஓங்கின இரும்பைப் பார்த்ததும் பாட்டு அவள் வாயிலேயே நின்றது. பெட்டி கைநழுவி ஆப்பிளெல்லாம் படியில் உருண்டன.

"பயப்படாதீங்கம்மா," என்றாள் மல்சுன். கையை இறக்கத்தான் பார்த்தாள், அது உடனே இறங்கவில்லை. "அந்தப் பாட்டு, நான் பாடினது."

"ஆமாங்க, ஆமாங்க," என்றாள் அந்தப் பெண், பைத்தியக்காரியிடம் பேசுகிற மாதிரி. அவளையே பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே படியேறினாள்.

மல்சுன் இரும்பைச் சுவரில் சாத்தினாள், ஹெட்போனைக் காதில் சரியாக அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். கால்கள் ஓட்டமும் நடையுமாக ஏறின. மேலே வண்டிக் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது, வண்டி கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, வண்டியின் திறந்த ஜன்னல் வழியாக, தன் பயத்தைத் தானே தட்டிக்கொடுக்கிற மாதிரி மெல்ல அந்த முனகல் மறுபடி ஆரம்பித்தது. மல்சுன் தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பெண் கடைசிச் சரணம்வரை தப்புத் தப்பாகப் பாடி முடித்து வண்டியைக் கிளப்பும்வரை, ஒரு சொல் விடாமல் கேட்டாள்.